ஓர் எண் போதுமாயிருந்த காலம்

2010 ஜனவரியில் கூகுளின் நெக்ஸஸ் ஒன் வெளிவந்தபோது அதன் பெருமையைச் சொல்ல ஓர் எண் போதுமாயிருந்தது: ஒரு கிகாஹெர்ட்ஸ். அதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி ட்ரீமின் ப்ராசஸர் 528 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நினைவகம் 192 எம்பி. நெக்ஸஸ் ஒன்னில் கடிகார வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, நினைவகம் 512 எம்பி. இரண்டு போன்களையும் அருகருகே வைத்து ஒரே செய்தித்தளத்தைத் திறந்தால், எது புதியது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழையது பாதிப் பக்கத்தில் திணறிக்கொண்டிருக்கும்போதே புதியதில் விரல் கீழே நகர்ந்துவிடும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணும் கை உணர்ந்த வேகமும் ஒன்றையொன்று பொய்யாக்காத காலம் அது.

2024 அக்டோபரில் குவால்காம் வெளியிட்ட ஸ்னாப்டிராகன் 8 எலைட்டில் எட்டு கோர்கள். இரண்டு 4.32 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். மற்ற ஆறு 3.53 வரை. அதைத் தாங்கி வரும் போன்களில் 12 அல்லது 16 ஜிபி நினைவகம் சாதாரணம். ஆனால் கடைக்கு வருகிறவர் இந்த எண்களைக் கேட்பதில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், சார்ஜர் எத்தனை வாட், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பவைதான் கேள்விகள். ப்ராசஸரைப் பற்றிக் கேட்பவரும் பெயரை மட்டும் கேட்டு, அது இந்த ஆண்டுச் சிப்தான் என்று தெரிந்தால் நிறைவடைகிறார். எண் நான்கு மடங்கு பெரிதாயிற்று. அது சொல்லும் செய்தியோ குறைந்துகொண்டே வந்தது. எப்படி என்று பார்ப்பதற்கு, அந்த எண் எதை மறைத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விட்டுக்கொடுத்தல் என்பது தொடக்கத்திலேயே இருந்தது. 2007-இன் முதல் ஐபோனில் சாம்சங் தயாரித்த ஏஆர்எம்11 வகைச் சிப் இருந்தது. 620 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய அதை ஆப்பிள் 412-இல்தான் ஓட்டியது. பேட்டரி 1,400 மில்லியாம்பியர் மணி. நாள் முழுக்கத் தாங்க வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு வேகத்தைக் கைவிடத்தான் வேண்டும். ஆப்பிள் இந்த எண்ணை விளம்பரப்படுத்தவில்லை. தோண்டிப் பார்த்தவர்கள்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வேகத்தை மூடிவைத்துவிட்டு விரலசைவின் வழவழப்பை மட்டும் காட்டிய அந்த முடிவை, பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் முன்னோடியாக நான் காண்கிறேன்.

அன்று அளவுகோல்களும் எளியவை. லின்பேக் என்ற சிறு செயலி நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க வைத்து ஓர் எண் தரும். மீத்திறன் கணினிகளை வரிசைப்படுத்தப் பயன்பட்ட அதே முறை, சட்டைப்பைக்குள் வந்திருந்தது. க்வாட்ரன்ட் என்ற மற்றொன்று ப்ராசஸர், நினைவகம், சேமிப்பு, வரைகலை எல்லாவற்றையும் கலந்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்கும். அந்தக் கலவையில் கோளாறும் கலந்திருந்தது. 2010-இன் சாம்சங் கேலக்ஸி எஸ்ஸில் சேமிப்பகத்தின் கோப்பு முறை மந்தமாக இருந்ததால் போன் அடிக்கடி ஹேங் ஆனது. ஆர்வலர்கள் அதை மாற்றியமைக்கும் ஒரு திருத்தத்தை உருவாக்கினார்கள். அதை நிறுவியதும் க்வாட்ரன்ட் மதிப்பெண் இரட்டிப்புக்கு மேல் ஏறியது. சிப்பில் யாரும் கை வைக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு 2.2, கணக்கீடு மிகுந்த வேலைகளை இரண்டு முதல் ஐந்து மடங்கு விரைவுபடுத்தும் என்று கூகுள் சொன்னது. அங்கும் சிப் அதேதான். வேகம் என்பது சிலிக்கானில் மட்டும் இல்லை என்பது அன்றே கண்முன் இருந்தது. ஆனால் குறை எங்கே இருக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவர் தன் அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவும் திருத்தவும் முடிந்தது. கடிகார வேகத்தைத் தானே ஏற்றியும் இறக்கியும் பார்க்கலாம். சூடானால் பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துவிடலாம்.

பிறகு கோர்களின் எண்ணிக்கை வந்தது. 2011-இல் எல்ஜி ஆப்டிமஸ் 2எக்ஸ் இரண்டு கோர்களோடு வந்தது. 2012-இல் எச்டிசி ஒன் எக்ஸ் நான்கோடு. 2013-இல் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகை எட்டோடு. 2016-இல் மீடியாடெக்கின் ஹீலியோ எக்ஸ்20 பத்தோடு. எஸ்4-இன் எட்டு கோர்களும் ஒரே நேரத்தில் ஓடவில்லை. நான்கு பெரியவை, நான்கு சிறியவை. ஒரு கூட்டம் விழித்திருந்தால் மற்றது தூங்கும். விளம்பரத்தில் எட்டு, வேலையில் நான்கு. பெரிய கோர்களையும் சிறிய கோர்களையும் சேர்த்து வைக்கும் அந்த யோசனை நல்ல யோசனை. மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கோர் எதற்கு? ஆனால் விற்பனைக்கு அந்த நுட்பம் தேவைப்படவில்லை, எண்ணிக்கைதான் தேவைப்பட்டது.

2013 செப்டம்பரில் வந்த ஐபோன் 5எஸ், கோர்களை எண்ணும் பழக்கத்தைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. ஏ7 என்ற அதன் சிப்பில் இரண்டே கோர்கள், 1.3 கிகாஹெர்ட்ஸ். எதிரில் நின்ற ஆண்ட்ராய்டு போன்களில் நான்கு கோர்கள், 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். இருந்தும் ஒரு கோரை மட்டும் அளக்கும் சோதனைகளில் ஏ7 முந்தியது. இணைய உலாவியில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்மார்ட்போனில் வந்த முதல் 64 பிட் சிப்பும் அதுதான். குவால்காமின் உயர் அதிகாரி ஒருவர் அதை வெறும் விளம்பர உத்தி என்று சொல்ல, சில நாட்களில் அந்த நிறுவனமே அக்கருத்து சரியல்ல என்று அறிவிக்க நேர்ந்தது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதே கேள்வி. அது தெரியாமல் துடிப்பை மட்டும் எண்ணுவதில் பயனில்லை என்பது 2013-இல் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

மதிப்பெண்ணின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்ததும் அதே ஆண்டில்தான். ஜூலையில் ஆனந்த்டெக் இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. கேலக்ஸி எஸ்4-இன் வரைகலைப் பகுதி சாதாரண விளையாட்டுகளில் 480 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. வேகத்தை அளக்கும் சில பெஞ்ச்மார்க் செயலிகளைத் திறந்தால் மட்டும் 532-க்கு ஏறுகிறது. மென்பொருளுக்குள் பார்த்தபோது அந்தச் செயலிகளின் பெயர்கள் பட்டியலாகவே எழுதப்பட்டிருந்தன. அந்தப் பகுதியின் பெயர் பெஞ்ச்மார்க் பூஸ்டர். மூன்று மாதம் கழித்து அதே இதழ் மற்ற நிறுவனங்களையும் சோதித்தது. ஆப்பிளும் மோட்டோரோலாவும் நீங்கலாக, அவர்கள் கையாண்ட ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏதாவது ஒரு போனில் இதைச் செய்திருந்தார்கள். இதனால் கிடைத்த கூடுதல் மதிப்பெண் பெரும்பாலும் சில சதவீதம்தான். அந்தச் சில சதவீதத்துக்காக அளவுகோலையே கெடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

2018-இல் இதே காரணத்துக்காக ஹுவாவே பி20 உள்ளிட்ட சில போன்களைத் த்ரீடிமார்க் என்ற பெஞ்ச்மார்க் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021-இல் ஒன்பிளஸ் 9 சிக்கியது. அங்கே நடந்தது நேர்மாறானது: பெஞ்ச்மார்க்கைத் தூக்கிவிடவில்லை, க்ரோம் போன்ற அன்றாடச் செயலிகளைப் பெரிய கோரின் பக்கம் போகவிடாமல் தடுத்திருந்தார்கள். பேட்டரிக்காகவும் சூட்டுக்காகவும் செய்தோம் என்றது நிறுவனம். 2022-இல் சாம்சங்கின் விளையாட்டு மேலாண்மை மென்பொருள் ஏறக்குறைய 10,000 செயலிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது, பெஞ்ச்மார்க் செயலிகளை மட்டும் விட்டுவிடுகிறது என்று தென் கொரியாவில் வெடித்த செய்தி உலகெங்கும் பரவியது. கீக்பெஞ்ச் என்ற மற்றொரு பெஞ்ச்மார்க் நான்கு தலைமுறை கேலக்ஸி எஸ் போன்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தக் கடைசி இரண்டு நிகழ்ச்சிகளையும் நான் 2013-இன் ஏமாற்றோடு சேர்த்துப் பேசுவதில்லை. செய்தி படிக்கும்போது மிக வேகமான கோர் ஓடத் தேவையில்லை. அதை நிறுத்துவது சரியான பொறியியல்கூட. வாங்கியவரிடம் சொல்லாமல், தேர்வறையில் மட்டும் வேறு முகம் காட்டியதுதான் தவறு. அன்று உள்ளதைக் கூட்டிக் காட்டினார்கள். இன்று உள்ளது உண்மையிலேயே மிகுதி; அதைக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது.

ஏன் கொடுக்க முடியவில்லை? இங்கேதான் இரண்டு காலங்களுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு இருக்கிறது. ஒரு சிப் தின்னும் மின்திறன், அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப உயர்கிறது. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் பத்து சதவீதம் கூட்ட வேண்டியிருந்தால், செலவு 33 சதவீதம் கூடிவிடும். அந்தச் செலவு முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியேற வேண்டும். விசிறியில்லாத, உள்ளங்கை அளவுள்ள ஒரு தகடு, தொடுபவர் கை சுடாமல் தொடர்ந்து வெளியேற்றக்கூடியது ஏதோ நான்கைந்து வாட் மட்டுமே. 2010-இன் சிப்புகள் முழுமூச்சில் ஓடினாலும் அந்த எல்லையைப் பெரும்பாலும் தொட்டதில்லை. இன்றைய உச்சச் சிப்புகள் எல்லாக் கோர்களையும் எழுப்பினால் பத்து வாட்டை எளிதாகத் தாண்டுகின்றன. ஆகவே பெட்டியில் சொல்லும் வேகம் அன்று அந்தப் போனின் இயல்பான வேகம். இன்று அது சில நொடிகளோ சில நிமிடங்களோ மட்டும் கிடைக்கும் வேகம். நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்றவரைப் பார்த்து, இவரால் பழனிக்குப் பாதயாத்திரை போக முடியுமா என்று கணிக்க வேண்டியிருக்கிறது.

சில நிமிடங்கள் என்பதை இகழவும் கூடாது. போன் வேலை செய்யும் விதமே அப்படித்தான்: ஒரு செயலியைத் திறக்கிறோம், ஒரு படம் எடுக்கிறோம், ஒரு பக்கத்தை ஏற்றுகிறோம். அரை நொடி முழுவேகத்தில் ஓடி வேலையை முடித்துவிட்டுத் தூங்கப்போகும் கோர், மெதுவாக நெடுநேரம் விழித்திருக்கும் கோரைவிடக் குறைந்த மின்சாரத்தில் காரியம் முடிக்கலாம். 2023-இல் வந்த கீக்பெஞ்ச் 6, இன்டெலின் கோர் ஐ7-12700 என்ற மேசைக்கணினிச் சிப்பை 2,500 மதிப்பெண்ணுக்கு அடிப்படையாக வைத்திருக்கிறது. ஒற்றைக் கோர் சோதனையில் இன்றைய உச்சப் போன்கள் 3,000-ஐத் தாண்டுகின்றன. மேசைக்கடியில் பெரிய பெட்டியும் விசிறியும் வைத்துக்கொண்டு செய்த வேலையை அந்தச் சிறு நேரத்துக்குப் போன் அதைவிட விரைவாகச் செய்கிறது. நெக்ஸஸ் ஒன்னைக் கையில் வைத்திருந்தவரிடம் இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

சூட்டை அலட்சியம் செய்தால் என்னவாகும் என்பதை 2015 காட்டியது. ஸ்னாப்டிராகன் 810-இல் அன்றைய பெரிய கோர்கள் நான்கு, 20 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. காகிதத்தில் அதுவே ஆண்டின் சிறந்த சிப். கையில் அது கொதித்தது. சூட்டைத் தணிக்க வேகத்தை இறக்கிக்கொண்டே போனது. சாம்சங் அந்த ஆண்டு கேலக்ஸி எஸ்6-க்குக் குவால்காமை விட்டுத் தன் 14 நானோமீட்டர் எக்ஸினோஸ் 7420-ஐ எடுத்துக்கொண்டது. எல்ஜி ஜி4, கோர்கள் குறைந்த 808-ஐத் தேர்ந்தது. குறைந்த சிப்பை வேண்டுமென்றே எடுத்த அந்த முடிவை அன்று பலர் கேலி செய்தார்கள். நிதானமான தேர்வு அது.

எந்தத் தொழிற்சாலையில் அச்சானது என்பதும் மதிப்பீட்டுக்குள் வந்தது அப்போதிலிருந்துதான். 2015-இன் ஐபோன் 6எஸ்ஸில் இருந்த ஏ9 சிப்பை சாம்சங்கும் தைவானின் டிஎஸ்எம்சியும் தனித்தனியே தயாரித்தன. பேட்டரி தாங்கும் நேரத்தில் இரண்டு முதல் மூன்று சதவீத வேறுபாடுதான் என்று ஆப்பிள் விளக்கம் தர வேண்டியிருந்தது. 2022-இல் சாம்சங் தொழிற்சாலையில் உருவான ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சூட்டுக்குப் பெயர்போனது. அதே கோர்களைச் சில மாதங்களில் டிஎஸ்எம்சியிடம் கொடுத்து 8 பிளஸ் ஜென் 1 என்று வெளியிட்டபோது, மின்செலவு 30 சதவீதம் குறைந்ததாகக் குவால்காம் அறிவித்தது. ஒரே வரைபடம், இரண்டு உலைகள், இரண்டு குணங்கள். முன்பு வாங்குபவர் சிப்பின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். இப்போது அது பிறந்த ஊரையும் விசாரிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டு வாசகருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. கேலக்ஸி எஸ்20, எஸ்21 வரிசைகள் அமெரிக்காவில் ஸ்னாப்டிராகனோடும் இந்தியாவில் எக்ஸினோஸோடும் விற்கப்பட்டன. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, உள்ளே வேறு சிப். எஸ்20-இன் எக்ஸினோஸ் 990 வேகத்திலும் சிக்கனத்திலும் பின்தங்கியிருந்தது என்பதைச் சோதித்தவர்கள் மறுபடி மறுபடி காட்டினார்கள். எஸ்22-இல் இந்தியாவுக்கு ஸ்னாப்டிராகன் வந்தது. எஸ்24-இன் சிறிய இரண்டு போன்களில் எக்ஸினோஸ் திரும்பியது. எஸ்25-இல் மீண்டும் எல்லோருக்கும் ஸ்னாப்டிராகன். வெளிநாட்டில் எழுதிய மதிப்புரையைப் படித்து இங்கே போன் வாங்குகிறவர், அந்த மதிப்புரை தான் வாங்கப்போகும் போனைப் பற்றியதுதானா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

மதிப்புரைகளின் அறை வெப்பநிலையும் நமக்கு அந்நியம். ஆப்பிள் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சென்னையும் வேலூரும் திருச்சியும் 40-ஐத் தொடுவது வழக்கம். அந்த நாட்களில், பைக்கின் கைப்பிடியில் மாட்டி வழிகாட்டியாக ஓட்டும் போன், முழு வெளிச்சத்தில், சார்ஜும் ஏறிக்கொண்டு, வெயிலில் நிற்கிறது. உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளியின் போனுக்கு இதுதான் தினப்படி வேலை. அங்கே 3,000 மதிப்பெண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை; திரை மங்காமல், வரைபடம் திக்காமல் மாலை வரை ஓடுகிறதா என்பதே சோதனை. குளிரூட்டிய அறையில் எடுத்த எண்ணை வைத்து இதைக் கணிக்க வழியில்லை.

ஆகவே அளக்கும் முறை மாறியது. த்ரீடிமார்க்கின் அழுத்தச் சோதனை ஒரு நிமிடக் காட்சியை இருபது முறை ஓடவிட்டு, மிகக் குறைந்த சுற்றை மிக உயர்ந்த சுற்றோடு ஒப்பிட்டு ஒரு சதவீதம் தருகிறது. அந்தச் சதவீதத்தையே முடிவாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு போன் 6,000-இல் தொடங்கி 3,600-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம்: 60 சதவீதம். இன்னொன்று 3,800-இல் தொடங்கி 3,610-இல் முடிகிறது: 95 சதவீதம். இரண்டாவது நிலையானது என்று பாராட்டுகிறோம். ஆனால் இருபதாவது நிமிடத்தில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் நிற்கின்றன. முதலாவது அதற்கு முன்னால் கூடுதலாகவும் கொடுத்திருக்கிறது. அந்த நேரத்தில் எதன் முதுகு எத்தனை டிகிரி, எது எத்தனை வாட் தின்றது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும். சீனாவின் கீக்கர்வான் குழுவினர் ஒவ்வொரு சிப்புக்கும் மின்திறனுக்கு எதிராக வேகத்தை வளைகோடாக வரைந்து காட்டுகிறார்கள். ஒரே எண்ணால் சொன்னதை இன்று ஒரு வளைகோட்டால்தான் சொல்ல முடிகிறது. துல்லியம் கூடியது, ஆனால் வளைகோட்டைப் படிக்கத் தெரிந்தவர் சிலர்.

தயாரிப்பாளர்களும் சூட்டோடு விளையாடிப் பார்த்துவிட்டார்கள். ரெட் மேஜிக் 3 என்ற போன் 2019-இல் உள்ளேயே ஒரு விசிறியோடு வந்தது. இரண்டு தலைமுறை ப்ரோ வகை ஐபோன்களுக்குப் பெருமையாக டைட்டானியச் சட்டம் போட்ட ஆப்பிள், 2025-இன் ஐபோன் 17 ப்ரோவில் அலுமினியத்துக்குத் திரும்பி, உள்ளே சூட்டைப் பரப்பும் ஆவி அறை ஒன்றையும் வைத்தது. டைட்டானியத்தைவிட அலுமினியம் பல மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். உறுதிக்கும் பகட்டுக்கும் கொடுத்த இடத்தைச் சூட்டுக்காகத் திரும்பப் பெற்றதை நேர்மையான ஒரு பின்வாங்கலாகவே நான் பார்க்கிறேன். நிறுவனங்கள் அப்படி அடிக்கடி செய்வதில்லை.

விலையை எடுத்துக்கொண்டால் இழப்பு அப்பட்டமாகத் தெரியும். 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன் இந்தியாவுக்கு வந்தபோது விலை ரூ. 21,999, உள்ளே அந்த ஆண்டின் உச்சச் சிப்புகளில் ஒன்றான ஸ்னாப்டிராகன் 801. 2025 ஜனவரியில் வந்த ஒன்பிளஸ் 13, ரூ. 69,999-இல் தொடங்கியது. உச்சச் சிப் என்பது சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞரின் எட்டும் தூரத்திலிருந்து விலகிப்போனது. ஆனால் அதே இளைஞர் இன்று ரூ. 20,000 கொடுத்து வாங்கும் நடுத்தரப் போன், 801-ஐ எல்லா வகையிலும் மிஞ்சும். அன்றாட வேலையில் உச்சப் போனுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கை எளிதில் உணராது. அன்று உச்சிக்கும் நடுவுக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது, உச்சி மலிவு. இன்று பள்ளம் நிரம்பிவிட்டது. உச்சி எட்டாத உயரம். எது நல்லது என்று கேட்டால், நிரம்பிய பள்ளத்தின் பக்கமே நான் நிற்பேன். ஆண்டுக்கொரு முறை புதுப் போன் கைக்கு வந்த உடனே உணர்ந்த அந்தத் துள்ளல் போய்விட்டது என்பதும் உண்மை.

மதிப்பெண்ணில் ஏறாத வேலைகளும் சிப்புக்குள் பெருகிவிட்டன. கூகுள் 2021-இல் பிக்சல் 6-க்காகத் தானே டென்சர் என்ற சிப்பை வடிவமைத்தது. கீக்பெஞ்ச் வரிசையில் அது சமகால ஸ்னாப்டிராகனை வெல்லவில்லை, பின்னால் வந்த டென்சர்களும் வெல்லவில்லை. சிலிக்கானின் பரப்பை ஒளிப்படக் கணக்கீட்டுக்கும் பேச்சை எழுத்தாக்குவதற்கும் ஒதுக்கினோம் என்பது அவர்கள் வாதம். ஒரு படத்துக்காகப் பல சட்டகங்களை எடுத்து ஒன்றாக்கும் வேலையில் கோர்களோடு படச் செயலகமும் நரம்பணுப் பின்னல் கணக்கீட்டுப் பகுதியும் உழைக்கின்றன. அந்த உழைப்பு கடிகார எண்ணில் தெரியாது. இருட்டில் குழந்தையின் முகம் தெளிவாக விழுகிறதா என்பதில் தெரியும். மோடமும் அப்படியே: சிக்னல் மெலிந்த ஊரில் அது தின்னும் மின்சாரம் எந்தப் பெஞ்ச்மார்க்கிலும் வராது.

காலத்தையும் அன்று யாரும் அளக்கவில்லை. நெக்ஸஸ் ஒன் ஆண்ட்ராய்டு 2.3-ஓடு நின்றுவிட்டது; இரண்டாண்டில் போனை மாற்றுவது இயல்பாக இருந்ததால் மூன்றாம் ஆண்டு வேகம் யாருக்கும் கவலையில்லை. 2017 டிசம்பரில் அந்தக் கவலை வந்தது. கீக்பெஞ்சை உருவாக்கிய ஜான் பூல், ஐபோன் 6எஸ் மதிப்பெண்களை வரைபடமாக்கியபோது, மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு ஒரே குன்றாக இருக்க வேண்டிய வளைகோடு பல குன்றுகளாகப் பிரிந்திருந்தது. பேட்டரி நலிந்த போன்களைத் திடீரென அணையாமல் காக்க வேகத்தைக் குறைத்தோம் என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பெட்டியைத் திறந்த நாளில் எடுத்த எண் அந்தப் போனின் ஆயுளுக்குப் பேசாது என்று அன்று தெரிந்தது. 2010-இல் அதற்கு வைத்தியம் பின்மூடிக்குள் இருந்தது; இன்று ஒட்டிய கண்ணாடியைச் சூடாக்கிப் பிரிக்கும் கடைக்காரரிடம் இருக்கிறது.

இதை அளந்து சொன்னவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனந்த் லால் ஷிம்பி 1997-இல் தொடங்கிய ஆனந்த்டெக், ஒரு வேலைக்கு எத்தனை ஜூல் செலவாகிறது என்று போன் சிப்புகளை அளந்து அட்டவணையிட்ட இடம். அவர் 2014-இல் ஆப்பிளுக்குப் போனார். 2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அந்த இதழ் மூடப்பட்டது. காணொளிகள் இருக்கின்றன, சில மிக நல்லவை. ஆனால் கேலக்ஸி எஸ்4-இன் 480-ஐயும் 532-ஐயும் பிரித்துக் கண்ட பொறுமைக்கு இன்று ஊதியம் கொடுப்பவர் அரிது.

அந்த இடத்துக்கு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து சட்டம் வந்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு இருப்பதுபோல ஓர் ஆற்றல் முத்திரை உண்டு. ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை முறை சார்ஜ் செய்தால் பேட்டரி தேயும், கீழே விழுந்தால் தாங்குமா, பழுதுபார்ப்பது எளிதா என்பவை அதில் இருக்கின்றன. 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்பது உடன்வந்த விதி. கிகாஹெர்ட்ஸ் அந்த முத்திரையில் எங்கும் இல்லை. இந்தியாவில் அப்படியொன்று இன்னும் வரவில்லை. வந்தால் அதில் 40 டிகிரி வெயிலுக்கென்று ஒரு வரியும் சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டுகள் மென்பொருள் தருவதாகக் கூகுள் உறுதி கொடுத்தது. அடுத்த ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் கொடுத்தது. வெளியான ஆண்டிலேயே வேகத்தில் பின்தங்கியிருந்ததாகச் சொல்லப்பட்ட டென்சர் ஜி3 தான் அந்தப் பிக்சலை 2030 வரை இழுத்துப் போக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கனத்துவரும் மென்பொருளையும், இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு அது எப்படி ஓடும் என்பதற்கு இதுவரை எடுத்த எந்த மதிப்பெண்ணிலும் விடை இல்லை. முதல் நாள் பெற்ற எண்களைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதே போனை 2030-இல் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.